ஆய்வேடுகள் தேடினால் கிடைக்க வேண்டும்: துணைவேந்தர்களுக்கும் பல்கலைக்கழக நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் நூலகங்களில் உள்ள ஆய்வேடுகளை மின்தொகுப்பாக்கும் பணி குறித்துச் சில வேண்டுகோள்களை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, முத்துக்குளித்துறை மீனவர்களின் தொழிற்சொற்களை ஆராயும் மாணவி ஒருவருக்காக, 1980களில் எழுதப்பட்ட ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) பட்ட ஆய்வேடு ஒன்றைத் தேடிப் போனோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு வழங்கும் பெயர்களையும், அவை வீசும் மாதங்களையும், அந்தந்தக் காற்றுக்கு ஏற்ற வலைகளையும் பின்னிணைப்பில் அட்டவணையாகத் தந்திருப்பதாக அதன் நெறியாளர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நூலகப் பட்டியலில் தலைப்பு இருந்தது. அடுக்கில் ஏடு இல்லை. துறையில் இருந்த படி, கட்டடம் மாறியபோது எங்கே போனது என்று எவருக்கும் தெரியவில்லை. இறுதியில், மறைந்த அந்த நெறியாளரின் வீட்டுப் பரணில் ஒரு கார்பன் படி கிடைத்தது. ரெக்சின் அட்டையும் அதன் பொன்னிற எழுத்துகளும் அப்படியே இருந்தன. உள்ளே, பின்னிணைப்பின் முதல் பதினொரு தாள்களைச் செல் அரித்திருந்தது. தகவல் தந்த முதியவர்கள் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. அந்தப் பதினொரு பக்கங்களை இனி எவராலும் எழுத முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டின் மென்படியை (மின்கோப்பை) ஒப்படைக்க வேண்டும் என்று விதித்த பிறகு, காந்திநகரில் உள்ள இன்பிளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியம் பெரும்பணி ஆற்றி வருகிறது. அதன் அருமையை நான் நன்றாக உணர்ந்தவன். ஆனால் அங்கே ஏற்றிவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்ற எண்ணம் பல இடங்களில் நிலவுகிறது. அந்த விதி வருவதற்கு முன் பட்டம் பெற்றவர்களின் ஏடுகளில் பல இன்னும் தாளில்தான் இருக்கின்றன. மேலும், அங்கே சென்றவை பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளே. ஊர்ப்பெயர்கள், வட்டார வழக்குகள், தாலாட்டு, ஒப்பாரி, சிறுகோயில் கல்வெட்டுகள் என ஒரு வட்டத்துக்குள், சில வேளை ஒரே ஊருக்குள், நடந்து திரிந்து தொகுத்த செய்திகள் நிறைந்தவை ஆய்வியல் நிறைஞர் ஏடுகள். முனைவர் பட்ட ஏட்டின் கோட்பாட்டு இயல்களைவிட இந்தப் பின்னிணைப்புகளே நாளடைவில் மதிப்புக் கூடிக்கொண்டு போகின்றன என்பது என் துணிபு. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டப்படிப்பையே நிறுத்திவிட்டன. இனிப் புதிதாக எதுவும் சேராத அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்ற நினைப்பும் மெல்ல மறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

மின்வடிவில் இருப்பவற்றிலும் பெரும் குறை ஒன்று உண்டு. ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன் நம் மாணவர்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தார்கள். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் திரையில் தெரிய, ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் அடிக்க வேண்டும். கோப்புக்குள் பதிவாகியிருப்பவை அந்த ஐந்து குறிகளே. பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு பொதிந்திருப்பதால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். 'கச்சான்' என்று தேடினால் ஒன்றும் வராது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்ட பின்னும் பழைய எழுத்துருவில் அடித்த ஏடுகள் எங்களிடம் வந்தன. நெறியாளர்களாகிய நாங்களும் அதைக் கண்டிக்காமல் கையொப்பமிட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இதனால் கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளும் பயனிழக்கிறது. பழைய குறியேற்றத்தில் உள்ள ஒரு பத்தியை ஒருவர் ஒருங்குறியில் அப்படியே எடுத்தெழுதினால், இரண்டும் ஒன்றென்று அந்த மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை.

மென்படி கிடைக்கும் ஏடுகளை எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம்; இடையில் வரும் ஆங்கில மேற்கோள்கள் சிதைந்திருக்கின்றனவா என்று மட்டும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாளில் மட்டும் இருப்பவற்றை வருடி (ஸ்கேன் செய்து), படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுக்கலாம். கட்டணமில்லாத டெசராக்ட் எழுத்துணரியே தமிழைப் படிக்கும். ஆனால் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் அடித்த மங்கிய கார்பன் படிகளில் எந்த எழுத்துணரியும் திணறும். அத்தகைய ஏடுகளைக் கறுப்பு வெள்ளையாக வருடாமல் சாம்பல் நிறச் சாயலிலோ வண்ணத்திலோ வருடுங்கள். பொருளடக்கத்தையும் பின்னிணைப்பையும் மட்டுமாவது கையால் தட்டச்சு செய்து சேர்த்துவிடுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு, யாரும் சரிபார்க்காமல் வாங்கிக்கொள்வதைத் தயவுசெய்து தவிருங்கள். தையலோரத்துச் சொற்கள் வெட்டுப்பட்டும், மடித்து ஒட்டிய நிலப்படங்கள் விரிக்கப்படாமலும் உள்ள கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வருடியாகிவிட்டது என்று ஏட்டில் குறித்தபின், அதை மறுபடி எவரும் எடுப்பதில்லை.

விவரப் பட்டியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் ஆய்வேட்டின் தலைப்பு தமிழ் எழுத்திலேயே பதிவாக வேண்டும்; ஒலிபெயர்த்த தலைப்பு கூடுதலாக இருக்கட்டும். சண்முகம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறோம். முன்னெழுத்து சில இடங்களில் முன்னும் சில இடங்களில் பின்னும் வருகிறது. அதனால் ஒரே நெறியாளர் பட்டியலில் மூவராகப் பிரிந்து நிற்கிறார். ஆசிரியர், நெறியாளர் ஒவ்வொருவருக்கும் தமிழ் வடிவில் ஒரு நிலைத்த பெயர்ப்பதிவை ஏற்படுத்துங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். களஆய்வு செய்த ஊர், வட்டம், ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகச் சேருங்கள். தூத்துக்குடி என்று தேடும் ஒருவருக்கு, தலைப்பில் அந்தப் பெயரே இல்லாத ஏடும் கிடைக்க இது ஒன்றே வழி.

உரிமை குறித்த தயக்கம் நியாயமானது. ஆய்வேட்டின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கே உரியது. அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள அச்சுப்படியைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. பல்கலைக்கழக நூலகத்துக்கு அது பொருந்தும் விதம் குறித்துச் சட்ட ஆலோசகரின் கருத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, சேமிப்பையும் வெளியீட்டையும் இரு வேறு பணிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் எல்லாவற்றையும் வருடிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பழைய மாணவர்களிடம் ஒரு பக்க ஒப்புதல் படிவம் பெற்று ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். தகவலாளிகளின் முகவரியோ, சாதிப் பூசல் பற்றிய வாக்குமூலமோ உள்ள பக்கங்களை மட்டும் மூடி வைக்கலாம். திறந்து வைத்தால் திருடிவிடுவார்கள் என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அடுக்கில் மறைந்து கிடக்கும் ஏட்டிலிருந்து எடுப்பவர்தான் அகப்படாமல் தப்புகிறார் என்பதே என் அனுபவம்.

ஒரே இடத்தை நம்பியிருப்பதும் ஆபத்து. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஐக்கிய இராச்சியத்தின் ஆய்வேடுகளைத் திரட்டித் தந்த அதன் சேவையும் முடங்கியது. ஷோத்கங்காவில் ஒரு படி, உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்தில் ஒரு படி, வேறோர் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு படி என்று மூன்று படிகளாவது இருக்கட்டும். ஷோத்கங்கா இயங்கும் டிஸ்பேஸ் மென்பொருள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைப்பதே. செலவு ஆள்களுக்கும் வருடிகளுக்கும்தான் ஆகும்.

வரும் கல்வியாண்டுக்குள் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னிடமும் இணைவுக் கல்லூரிகளிடமும் உள்ள ஆய்வேடுகளை நேரில் எண்ணி, எது அடுக்கில் இருக்கிறது, எது காணவில்லை, எதற்கு ஒரே படிதான் உண்டு என்ற பட்டியலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருடும் பணி அந்த ஒற்றைப் படிகளிலிருந்து தொடங்கட்டும்.

என் ஆய்வேட்டின் படியையும், அதை முழுமையாக வெளியிட இசைவு தரும் கையொப்பமிட்ட கடிதத்தையும் எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பரணில் கிடைத்த அந்த மீனவர் வழக்கு ஏட்டின் எஞ்சிய தாள்கள், அந்த வீட்டாரின் அனுமதியோடு என்னிடம் இருக்கின்றன. வருடித் திருப்பித் தர எந்த நூலகம் முன்வந்தாலும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்