மல்லிகாவுக்கு, பூங்கொடி விஷயமா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாலஞ்சு நாளாச்சு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவன் சென்னையில வேலைக்குச் சேர்ந்துட்டான். வாரம் ஒரு போன் வரும், அதுவும் பணம் கேட்டு.

பூங்கொடி பத்தாவது வந்துட்டா, இனிமே கபடி வேண்டாம்னு அவங்கப்பா சொல்றார்னு எழுதியிருக்கே. அவர் சொல்றாரா, நீ சொல்றியா? எனக்கு உன்னைத் தெரியாதாடி!

இத்தனை வருஷம் பி.டி. டீச்சரா இருக்கேன். ஆசை விட்டுப்போய் ஆட்டத்தை நிறுத்தின பொண்ணை நான் பார்த்ததில்லை. ஆறாவது படிக்கிறப்ப விரட்டினாலும் கிரவுண்டை விட்டுப் போக மாட்டாங்க. எட்டு, ஒன்பதுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியா காணாமப் போவாங்க. கேட்டா, "வீட்டுல வேணாங்கறாங்க மிஸ்." தோண்டிக் கேட்டாத்தான் தெரியும்: ஊருக்குப் போற பஸ்ஸை விட்டா இருட்டினப்புறம்தான் அடுத்தது. கிரவுண்டுப் பக்கம் தண்ணி வர்ற பாத்ரூம் கிடையாது. ஷார்ட்ஸ் போட்டா தெருவுல பேசுவாங்க. முட்டியில தழும்பு விழுந்தா நாளைக்கு யார் கட்டிப்பாங்கன்னு பாட்டிக்குக் கவலை. இதையெல்லாம் விட்டுட்டு மேடையில நின்னு "பெண்கள் விளையாட முன்வர வேண்டும்"னு முழங்கினா என்ன பிரயோஜனம்?

அதான் பயிற்சியைக் காலையில ஆறரைக்கு மாத்திட்டேன். டிராக் பேன்ட் போட்டு ஆடறவ ஆடட்டும். என் பீரோவுல நாப்கின் எப்பவும் இருக்கும், யாரும் என்கிட்ட கேட்டு எடுக்க வேண்டியதில்லை. நின்னுபோன சிலர் திரும்பி வந்துட்டாங்க. அதுல ஒருத்தி வகுப்புல வாயே திறக்க மாட்டா. போன வாரம் ரெய்டு போனப்ப கார்னர்ல நின்னவ கணுக்காலைக் கெட்டியாப் பிடிச்சுட்டா. இவ குப்புற விழுந்து, மண்ணுல உரசிக்கிட்டே போய் விரல் நுனியால நடுக்கோட்டைத் தொட்டுட்டா. முட்டியில ரத்தம். அதைப் பார்க்கக்கூட இல்லை, "பாயின்ட் குடுங்க மிஸ்!"னு போட்டாளே ஒரு சத்தம், ஹெச்.எம். ரூம்ல இருந்து ஆள் எட்டிப் பார்த்தாங்க.

கண்ணகி நகர் கார்த்திகாவைப் பத்திப் படிச்சிருப்பே. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில தங்கம் ஜெயிச்ச கபடி டீம்ல ஆடின பொண்ணு. கடலூர் இந்துமதி இந்தியாவுக்கு ஃபுட்பால் ஆடினா, போலீஸ்ல எஸ்.ஐ.யும் ஆனா. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கு. ஆனா அதைக் காட்டி உன் மனசை மாத்த நான் நினைக்கலை. அந்த வேலை எத்தனை பேருக்குக் கிடைச்சிடும்? பூங்கொடி குறுவட்டப் போட்டியோட நின்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். பரீட்சைக்கு முந்தின ஒரு மாசம் வேணும்னா நிறுத்திக்கட்டும், நான் வேண்டாங்கலை. அதுக்காக ஜூன் மாசத்துலேயே நிறுத்தணுமா? டியூஷன்ல மூணு மணி நேரம் குனிஞ்சு உட்கார்றவளுக்குக் காலையில ஒரு மணி நேரம் ஓடறதால படிப்பு ஒண்ணும் கெட்டுடாது.

அடுத்தது உன் கதை. மூட்டு வலி, சுகர் எட்டிப் பார்க்குதுன்னு எழுதிட்டு, "வீட்டு வேலையே எனக்கு எக்சர்சைஸ்"னும் எழுதியிருக்கே. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு வேகமா உடம்பு அசையணும்னு சொல்லுது. 2022 கணக்குப்படி நம்ம நாட்டுப் பெண்கள்ல 57 சதவீதம் பேர் அந்த அளவுக்கு வரலை, ஆண்கள்ல 42. வீட்டு வேலையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! அடுப்படியில நாளெல்லாம் நின்னா கால்தான் வீங்கும். சாயங்காலம் சீரியல் நேரத்துல அரை மணி நேரம் வேகமா நட. எதிர்வீட்டு அக்காவையும் கூட்டிக்கோ, பேசிக்கிட்டே நடந்தா நேரம் போறதே தெரியாது.

உன் வீட்டுக்காரர்கிட்ட ஞாயிற்றுக்கிழமை நான் போன்ல பேசறேன், நீ குறுக்கே வராதே. இப்பல்லாம் பெரிய மேட்ச் மேட்லதான் நடக்குது, வெறுங்காலோட மண்ணுல பழகினவங்க அதுல தடுமாறறாங்க. பூங்கொடிக்கு ஷூ நான் வாங்கித் தர்றேன், கால் அளவு மட்டும் அனுப்பு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
வசந்தா