வர்க்கி மாஸ்டருக்கு இடமில்லாத கூடாரம்

ஷெஃபீல்டு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். குன்னூரில் மழை விட்டுவிட்டதா, மார்க்கெட் படிகளில் மறுபடியும் பாசி பிடித்துவிட்டதா என்று அடுத்த முறை எழுதுங்கள்.

போன வாரம், தம்பி செல்போனில் காட்டிய இந்த ஊர் கேக் போட்டியைப் பார்த்துவிட்டு, "என்னைக் கொண்டுபோய் இதில் நிறுத்தினால் எத்தனை வாரம் தாங்குவேன்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். பிறகு அந்தக் கேள்வி இரண்டு நாள் மனத்தில் கிடந்தது. உங்களுக்குக் காது மந்தமான பிறகு போனில் நீளமாகப் பேசுவது இருவருக்குமே சிரமமாக இருப்பதால், பதிலைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

அப்பா, உங்களை அவர்கள் சேர்க்கவே மாட்டார்கள். உங்கள் கைத்திறமை போதாது என்பதால் அல்ல. 31 வருடமாக விறகு அடுப்பின் முன் நின்று வர்க்கி போட்டுச் சம்பாதிக்கிறீர்கள் என்பதால். "தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்" என்ற அந்தப் போட்டியில், பேக்கரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இடமில்லை. ஆசிரியர், தாதி, பொறியாளர், ஓய்வு பெற்ற பாட்டி என்று வீட்டில் ஆசைக்குச் செய்பவர்கள் மட்டுமே வரலாம். அவரவருக்கு வேலை இருப்பதால், படப்பிடிப்பையே வார இறுதியில்தான் வைத்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

2010 முதல் நடக்கும் நிகழ்ச்சி இது. ஒரு பெரிய பங்களாவின் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் அடித்து, சுற்றிலும் முக்கோணத் தோரணம் கட்டியிருப்பார்கள். பார்த்தவுடன் எனக்குச் சிம்ஸ் பூங்காவின் பழக்கண்காட்சிதான் நினைவுக்கு வந்தது. வாரம் ஒருவர் வெளியேற வேண்டும். மூன்று சுற்றுகளில் நடுச்சுற்று மட்டும் உங்களுக்குப் பிடிக்கும்: எல்லாருக்கும் ஒரே பண்டம், அரைகுறையான செய்முறைக் குறிப்பு, எது யார் செய்தது என்று தெரியாமலே நடுவர்கள் ருசி பார்க்க வேண்டும். பத்து வாரம் இப்படி வியர்வை சிந்தி வென்றவருக்கு என்ன பரிசு தெரியுமா? கேக் வைக்கும் ஒரு கண்ணாடித் தட்டும் ஒரு பூங்கொத்தும். பணம் ஒரு பென்னி கூடக் கிடையாது.

பணப் பரிசு தரும் போட்டிகள் இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் பொது அறை நிறைவது இதற்குத்தான். பிழைப்புக்காகச் செய்வதைவிட ஆசைக்காகச் செய்வதே உயர்வு என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆழமாக ஊறியிருக்கிறது. கிரிக்கெட் பிரியரான உங்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். 1806 முதல் 1962 வரை இங்கே "கனவான்கள்" அணிக்கும் "ஆட்டக்காரர்கள்" அணிக்கும் போட்டி நடந்துவந்தது. காசு வாங்காமல் ஆடுபவர் கனவான். கூலி வாங்கினால் வெறும் ஆட்டக்காரர். இரு சாராருக்கும் உடை மாற்றத் தனித்தனி அறைகள். பல மைதானங்களில் உள்ளே நுழையும் வாசல்கூட வேறு. அந்த வாசல்களை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் புல்வெளிக் கூடாரத்துக்குள் அதே வாசல் வேறு உருவில் இன்னும் திறந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பணத்தைப் பற்றி இவர்களுக்குள்ள கூச்சம் வேடிக்கையானது. 1979 முதல் வரும் மற்றொரு நிகழ்ச்சியில், வீட்டுப் பரணில் கிடந்த பழைய சாமான்களைக் கொண்டுவந்து நிபுணர்களிடம் காட்டுவார்கள். கடைசியில் நிபுணர் விலையைச் சொல்வதற்காகத்தான் நாடே காத்திருக்கும். விலையைக் கேட்டதும் சாமானின் சொந்தக்காரர், "அப்படியா, எப்படியும் நாங்கள் இதை விற்கப் போவதில்லை" என்பார். கண்கள் மட்டும் ஒரு நொடி அகலமாகத் திறந்து மூடும். நான் அந்த நொடிக்காகவே பார்க்கிறேன்.

நம் ஊர் "சூப்பர் சிங்கர்" நினைவிருக்கிறதா? குழந்தை பாடி முடிப்பதற்குள் அதன் அப்பாவின் கடன், அம்மாவின் வேலை, ஒழுகும் கூரை எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வென்றால் வீடே பரிசு. சோக இசையை ஓட விட்டு எதற்காக அழ வைக்கிறார்கள் என்று நான் எரிச்சல்படுவேன், அம்மா என்னை அதட்டுவாள். அந்த எரிச்சல் இன்றும் போகவில்லை. ஆனால் இங்கிருந்து பார்க்கும்போது ஒன்று புரிகிறது. ஒரு பாட்டு வீட்டு வாடகையாகவும் அக்கா கல்யாணமாகவும் ஆகலாம் என்பதை நம்மவர்கள் மறைப்பதில்லை. "எனக்காக அல்ல, குடும்பத்துக்காக ஜெயிக்க வேண்டும்" என்று சொன்னால் போதும், எவ்வளவு ஆசையையும் நம் ஊர் மன்னித்துவிடும். இங்கே ஆசையே வெளியில் தெரியக் கூடாது. ஜெயித்தவர் தன்னைவிட அடுத்தவர்தான் நன்றாகச் செய்தார் என்று சொல்ல வேண்டும். 2014-இல் ஒருவருடைய ஐஸ்கிரீம் உறையாமல் போக, கோபத்தில் மொத்தப் பண்டத்தையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அந்தத் தொட்டியையே நடுவர்கள் முன் கொண்டுபோய் வைத்தார். அந்த வாரம் அவர் வெளியேற்றப்பட்டார். நாள்கணக்கில் நாடே விவாதித்த விஷயம் அது. ஐஸ்கிரீம் உருகியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. மனிதர் உருகியதுதான் பிழையாகிவிட்டது.

எங்கள் இல்லத்துப் பாட்டிமார்களுக்கு 2018-இல் வென்ற ராகுல் மண்டல் என்றால் உயிர். மேற்கு வங்கத்திலிருந்து வந்து, இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர் என்பதால் "நம்ம ஷெஃபீல்டுப் பையன்" என்கிறார்கள். அவர் ஒவ்வொரு வாரமும் பயந்து பயந்து செய்தார், எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டார், அதனாலேயே எல்லாரும் அவர்மேல் பைத்தியமானார்கள். அவருக்கு முன் 2015-இல், வங்கதேசக் குடும்பத்தில் லூட்டன் நகரில் பிறந்த நதியா ஹுசைன் முக்காடு அணிந்து நின்று வென்றபோது, 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறுதிச் சுற்றைப் பார்த்தார்கள். மறு வருடம் ராணியின் தொண்ணூறாவது பிறந்த நாளுக்குக் கேக் செய்தவரும் அவரே. இதையெல்லாம் பார்த்து மகிழ்ந்தேன் என்பது உண்மை. கூடவே, நானும் ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை "சாரி" சொல்கிறேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன் என்பதும் உண்மை.

இதே நாட்டில் 2007-இல் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. நம் ஊர் "பிக் பாஸ்" நிகழ்ச்சிக்கு மூலமான "பிக் பிரதர்" வீட்டுக்குள் ஷில்பா ஷெட்டி இருந்தார். அவர் உணவைக் கையால் தொட்டதையும் அவருடைய உச்சரிப்பையும் உடனிருந்த சில பெண்கள் ஏளனம் செய்தார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கண்காணிக்கும் அமைப்புக்கு 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அப்போது இந்தியாவுக்கு வந்திருந்த இந்நாட்டு நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அங்கே வைத்தே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் மக்கள் வாக்களித்து ஷில்பாவையே வெற்றி பெறச் செய்தார்கள். கூடாரத்தில் தெரியும் மரியாதை நடிப்பு என்று நான் சொல்லவில்லை. கேமராவை மறந்துவிட்ட வீட்டில் தெரிந்ததும், அதைக் கண்டு வெட்கப்பட்டுப் புகார் எழுதியதும் இதே ஊர்தான்.

போன மாதம் சித்தப்பா மகன் கொண்டுவந்த வர்க்கியில் ஒரு பொட்டலத்தை வேலைக்கு எடுத்துப் போனேன். பெட்டியில் அமுங்கி, பாதி உதிர்ந்துதான் இருந்தது. உடன் வேலை செய்யும் ஒரு பெண் ஒன்றைத் தேநீரில் தோய்த்துத் தின்று, கண்ணை மூடிக்கொண்டு, "இதை நீ விற்கலாமே!" என்றாள். வீட்டுப் பலகாரத்துக்கு இவர்கள் தரும் மிகப் பெரிய பாராட்டு அது. "என் அப்பா இதை விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார்" என்றேன். அறையில் ஒரு கணம் பேச்சில்லை. பிறகு யாரோ "ரொம்ப அழகு" என்று சொல்ல, பேச்சு மழைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் மனத்தில் ஒன்றும் தவறில்லை அப்பா. அதை எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அறை ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி மட்டும் பேச்சை விடவில்லை. இளம் வயதில் ரொட்டிக் கடையில் கூலிக்கு வேலை பார்த்தவர். உதிர்ந்த அடுக்குகளை விரலால் பிரித்துப் பார்த்து, மாவைப் புளிக்க வைப்பார்களா, எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "விறகு அடுப்பில் சூடு சரியாக வந்துவிட்டது என்று உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நீங்கள் அடுப்பு வாயில் கையை நீட்டி, உதடு அசைய ஏதோ எண்ணுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எத்தனை வரை எண்ணுவீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தம்பியிடம் சொல்லியாவது அதை எழுதி அனுப்புங்கள். பாட்டி செவ்வாய்க்கிழமைதோறும் கேட்கிறார்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்.