‘புற்றுநோய் இல்லை’ என்றால் முடிந்துவிடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளைக் கட்டி அறுவைக்குப் பின் பயாப்சியில் ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்துவிட்டால், பல குடும்பங்கள் அத்தோடு ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகின்றன. மண்டையோட்டின் அடியில் வரும் மெனிஞ்சியோமாவில் (மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளரும் கட்டி) இது ஆபத்து.

கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தக் குழிக்குள், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும், கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் ஓடுகின்றன. கட்டி அங்கே நுழைந்திருந்தால், முழுக்கச் சுரண்டி எடுக்கும்போது பக்கவாதமோ தீராத இரட்டைப் பார்வையோ வரலாம். எனவே தெரிந்தே ஒரு துண்டை விட்டுவைப்பார்கள். அது சரியான முடிவுதான், மருத்துவரின் தவறல்ல. ஆனால் விட்ட துண்டு வளரக்கூடியது. கட்டியை முழுதாக எடுத்தாலே திரும்ப வருவதுண்டு. நரம்பியல் அறுவை மருத்துவர் சிம்ப்ஸன் 1957இல் வெளியிட்ட கணக்கில், கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எலும்பையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு மீண்டும் வந்தது. கட்டியை எடுத்து, உறையை எடுக்காமல் சுட்டு மட்டும் விட்டவர்களில் 19, சுடாமலே விட்டவர்களில் 29. துண்டே மிஞ்சியவர்களுக்கு இன்னும் அதிகம்.

வளர்ச்சி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு தளமே 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்போது, போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால் ‘மாற்றமில்லை’ என்றே வரும். அடுத்த வருடமும் அப்படியே. அறுவைக்குப் பின் மூன்று மாதத்தில் எடுத்த முதல் படத்தை அருகில் வைத்தால்தான் 7, 8 மில்லிமீட்டர் கூடியிருப்பது தெரியும். அந்த சிடியைத் தொலைக்காதீர்கள், பென் டிரைவிலும் ஏற்றி வையுங்கள். பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு வருடம் ஒரு முறையும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன் வேண்டும்.

தாமதத்தின் விலை பெரிது. துண்டு சிறியதாக, பார்வை நரம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கையில், 12 முதல் 15 கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு) கதிர்வீச்சை ஒரே நாளில் கொடுத்து முடிக்கலாம். நரம்பை ஒட்டிவிட்டால் 50 கிரேக்கு மேல், தினம் கொஞ்சமாக ஆறு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெண்கள் இன்னொன்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கருத்தடை ஊசி. ஓராண்டுக்கு மேல் போட்டவர்களிடம் மெனிஞ்சியோமா கூடுதலாகக் காணப்படுவதை 2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

எங்கே, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்பதை மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழிலும் எழுதித் தர வேண்டும். ‘ஓ.பி.யில் வந்து பார்க்கவும்’ என்ற ஒரு வரி போதாது.

நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர்,
மதுரை