ஹாம் வானொலியைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளம் வருமுன் வீட்டில் என்னென்ன ஆயத்தம் செய்துவைக்க வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டோர்ச், உலர் உணவு, அடையாள அட்டைப் பிரதி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லாம் இருந்தன. நல்ல கட்டுரைதான். ஆனால் 117ஐ அழுத்துவதற்குக் கைத்தொலைபேசியில் சிக்னல் இருக்க வேண்டுமே? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரி சில மணி நேரம்தான் தாங்கும். 2016 மே மாதம் களனி கங்கை வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் ஏறியதுபோல ஒரு வெள்ளமும் அதோடு சேர்ந்து வந்தால், மாடியில் அகப்பட்டவர் யாரைக் கூப்பிடுவது?

இதற்கு ஏற்ற ஒன்று நம் நாட்டில் பல காலமாக இருக்கிறது, ஹாம் வானொலி. அனுமதிப்பத்திரம் பெற்ற சாதாரண மக்கள், தொலைபேசிக் கோபுரத்தை நம்பாமல், தங்கள் சொந்தச் செட்டில் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் வானொலி அது. 2004 ஆழிப்பேரலையின்போது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள்தான். அன்று கைகொடுத்தது வெகுதூரம் போகும் சிற்றலை. கொழும்புக்குள்ளேயே, வத்தளையிலிருந்து தெஹிவளைக்குப் பேச வேண்டுமென்றால் வீஎச்எஃப், யூஎச்எஃப் என்ற குறுந்தூர அலைகள் போதும். 144 மெகாஹேர்ட்ஸிலிருந்து இரண்டு மீற்றர் அலை, 430இலிருந்து எழுபது சென்ரிமீற்றர் அலை. உள்ளங்கையில் அடங்கும் ஐந்து வாட் செட் இரண்டிலும் பேசும்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. ஆகவே வலுவைவிட உயரம்தான் முக்கியம். தெருவில் நின்றால் வானொலி அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, ஐந்து கிலோமீற்றர்தான். அதே செட்டோடு பத்து மாடிக் கட்டடத்தின் கூரைக்கு ஏறினால் இருபதைத் தாண்டும். வெள்ளவத்தையில் தொடர்மாடிகளுக்கா பஞ்சம்? காலி வீதியில் நின்று யூஎச்எஃப்பில் கேட்கும்போது குரல் திடீரென்று இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். ஒரு சாண் தள்ளி நின்றால் தெளிவாகத் திரும்பி வரும். நேரே வரும் அலையும் எதிர்க் கட்டடத்துக் கொங்கிறீற்றில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன, அடுத்த சாணில் ஒன்றுசேர்கின்றன. உயர்தரப் பௌதிகவியலில் அலைகளைக் கணக்காக மட்டும் செய்யும் பிள்ளைக்கு இதை ஒருமுறை காதால் கேட்கக் கொடுத்தால் வாழ்நாளுக்கும் மறக்காது.

அன்ரனாவும் அப்படித்தான். ஒளியின் வேகத்திலிருந்து வரும் 300ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணான 145ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் இரண்டு மீற்றர். அதில் கால் பங்கு அரை மீற்றர். அந்த நீளத்தில் ஒரு கம்பி நிமிர்ந்து நிற்க, நாலு கம்பிகள் கீழ்ப்பக்கமாகச் சரிந்திருக்க, நடுவே ஒரு சொக்கற். ஹார்ட்வெயார் கடைச் சாமானிலேயே முடிந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹேர்ட்ஸில் குரலோ படமோ அனுப்புகிற நாட்களில், அது நம் தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிடத்துக்குள் இந்தக் கம்பியிலேயே அதைப் பிடிக்கலாம்.

அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவது குறைவு. காரணம் எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் வோக்கி டோக்கி என்றாலே தமிழ் வீடுகளில் வயிற்றைக் கலக்கும். சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டியே வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரு வயர்த் துண்டுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயம் இன்னும் போகாத பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் எடுத்து, 4எஸ்7 என்று தொடங்கும் தன் அழைப்புக்குறியைச் சொல்லிப் பேசுகிறவர் ஒளித்து எதுவும் செய்யவில்லை. எவரும் கேட்கக்கூடிய அலையில், தான் யார் என்று சொல்லியே பேசுகிறார். அனுமதி இல்லாமல் மலிவான செட் ஒன்றை வாங்கி அழுத்திப் பார்ப்பதுதான் வில்லங்கம். அது பிறருக்கு ஒதுக்கிய அலைவரிசைகளிலும் போய் விழும். அதை யாரும் செய்யவே வேண்டாம்.

மற்றது மொழி. நான் தேடிய அளவில் இந்தப் பரீட்சைக்குப் படிக்க உதவும் நூல்கள் ஆங்கிலத்தில்தான் கிடைத்தன. மின்சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய கொட்டாஞ்சேனைப் பிள்ளை, விளங்காத ஆங்கிலத்தால் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. தமிழில் சொன்னால் ஒரு மாலையில் பிடித்துவிடக்கூடிய விஷயம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் வாரம் ஒரு கால் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். எழுதித் தர நான் தயார், பணம் எதுவும் வேண்டாம். மீடிறன், அலைநீளம், அன்ரனா, வானொலியில் பேசும் ஒழுங்கு என்று படங்களோடு போகலாம். கூடவே, அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் முறையைப் பெற்றோருக்கும் விளங்கும்படி முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
4எஸ்7 அழைப்புக்குறி உள்ள ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.