மாலேயில் பத்து மணி என்றால் நமக்குப் பத்தரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் ஆரம்பித்த உடனே நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுதிவிட்டால் உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது படிக்கலாம், பிடிக்காததைத் தாண்டிப் போகலாம். அப்பாவும் இதற்கு ஓட்டுப் போட்டார்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பைலட் வேலை வீடியோ இன்டர்வியூவுக்கு ஞாயிறு காலை பத்து மணி என்று அந்த மாலத்தீவு விமானக் கம்பெனி போட்டிருப்பது மாலே நேரம். நமக்கு அது பத்தரை. நான் வேலை பார்த்த ஏர்போர்ட் வானிலை ஆபீஸ் கணக்கில் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், 0500. முப்பது வருஷம் அந்தக் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், இரண்டு கடிகாரத்தையும் எதிரே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூ வைக்கிறார்களே, என்ன கம்பெனி இது என்று அப்பா சந்தேகப்பட்டார். மாலத்தீவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு அவர்களுக்கு நம் திங்கள் மாதிரி. ஏஜென்ட் யாரும் நடுவில் இல்லை, பணம் கேட்கவில்லை, கம்பெனியே நேராக எழுதியிருக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் அவர் தூங்கினார்.

போன தடவை நடந்ததை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை. அந்த இன்டர்வியூவில் "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்" என்று கேட்டதற்கு, "நான் எல்லாவற்றிலும் அளவுக்கு அதிகமாகக் கவனம் எடுத்துக்கொள்வேன், அதுதான் என் குறை" என்று சொன்னதாக நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதிலை அவர்கள் அன்று காலையிலேயே நாலு பேரிடம் கேட்டிருப்பார்கள்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஜனவரி மாதம், விடிகாலை டியூட்டி. எந்த ஊர் என்பது வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை வெளியே வந்து, மாடி ஏறி, எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அதற்கு அடையாளங்கள் உண்டு. தண்ணீர்த்தொட்டி தெரிந்தால் ஒன்றரை கிலோமீட்டர், கோபுரம் தெரிந்தால் மூன்று. குளிர், தூக்கம். போன அரை மணியில் கோபுரம் தெரிந்ததே என்று, ஏறிப் பார்க்காமலே மூவாயிரம் மீட்டர் என்று எழுதிவிட்டேன். அந்த அரை மணிக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. அதை நம்பி வந்த விமானம் ரன்வே தெரியாமல் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது தடவைதான் இறங்கியது. கேப்டன் எங்கள் அறைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். "அம்மா, நீங்க மாடி ஏறினீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மேலதிகாரியிடமிருந்து மெமோ வந்தது, அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ரிட்டயர் ஆகும் வரைக்கும் முழங்கால் வலியோடு நான் மாடி ஏறியது அந்த ஒரு கேள்வியால்தான்.

உன்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறதே. சோலோ, அதாவது தனியாகப் பறக்கப் போனபோது, உயரம் காட்டும் மீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்தம் (க்யூஎன்ஹெச்) 1008 என்று டவர் சொன்னதை 1018 என்று வைத்துவிட்டுப் பறந்தாயே. அழுத்தத்தில் பத்து ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரத்தில் ஏறத்தாழ 300 அடி. ஆயிரம் அடியில் இருக்கிறோம் என்று மீட்டர் சொல்ல, நீ எழுநூறில் இருந்தாய். வீடுகள் பெரிதாகத் தெரிகின்றனவே என்று உனக்கே உறுத்தி, மறுபடி கேட்டுச் சரிசெய்து, இறங்கியதும் யாரும் கேட்காமலே இன்ஸ்ட்ரக்டரிடம் போய்ச் சொன்னாய். இதைவிட நல்ல பதில் உனக்கு எங்கே கிடைக்கப் போகிறது? அதைச் சொல். என்ன செய்தேன், எப்படித் தெரிந்தது, இப்போது எண்ணைத் திரும்பச் சொல்லும்போது கண் மீட்டர் மேல்தான் இருக்கிறது என்று மூன்று நாலு வாக்கியம். அதற்கு மேல் இழுக்காதே. நீ பதற்றமானால் வாக்கியம் நீளும், அது என் பக்கத்து ரத்தம்.

நடுவில் சும்மா இருந்த காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். கொரோனாவில் பறக்க முடியவில்லை, பிறகு வேலை இல்லை, பேப்பர் ஒன்றில் தவறி மறுபடி எழுதினேன், அப்புறம் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். உள்ளதை உள்ளபடி சொல். இன்னொரு விஷயம். நீ அனுப்பிய விண்ணப்பத்தில் மொத்தம் பறந்தது 712 மணி என்று இருக்கிறது. லாக்புக் படங்களை வைத்து நான் இரண்டு தடவை கூட்டினேன், 708தான் வருகிறது. ஏதோ ஒரு பக்கத்தில் கீழ்க்கூட்டலை மேலே கொண்டுபோகும்போது தவறியிருக்கிறது. நாலு மணி நேரம் பெரிதல்ல. ஆனால் லாக்புக்கைப் புரட்டுகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். இ-லாக்புக்கோடும் ஒப்பிட்டுவிட்டு, திருத்தியதை இன்றைக்கே அனுப்பு. அவர்கள் கேட்கும் முன்னால் நீ சொல்லிவிடு.

சின்னக் கம்பெனி என்று நீ கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய இடத்தில் கேள்வி கேட்பவரை அப்புறம் நீ பார்க்காமலே போகலாம். இங்கே கேள்வி கேட்கிற கேப்டனே இன்னும் சில மாதத்தில் உன் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மழை பெய்யும்போது, 1,200 மீட்டர் ரன்வே, இரண்டு முனையிலும் கடல், பக்கத்தில் இந்தப் பெண் இருந்தால் எனக்கு நிம்மதியா என்றுதான் அவர் யோசிப்பார். அங்கே பல தீவுகளில் ரன்வே அவ்வளவுதான். நம் தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டில் பழைய ரன்வே 1,350 மீட்டராக இருந்தபோது, நீ ஓட்டப்போகும் அதே ஏடிஆர், அந்த இரண்டு ப்ரொப்பெல்லர் விமானம், வந்து இறங்குவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீ பார்த்ததில்லையா? அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

ஏடிஆர் பற்றி நீ படித்துக்கொண்டுதான் இருப்பாய். முன்னால் சரக்கு, பின்னால் பயணிகள் ஏறும் கதவு, தரையில் மின்சாரம் தரும் துணை எஞ்சின் (ஏபியூ) தனியாகக் கிடையாது, தரையில் வலது எஞ்சினை ஓடவிட்டு ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி மின்சாரம் எடுத்துக்கொள்வார்கள். டைப் ரேட்டிங், அதாவது அந்த விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி, அவர்களே கொடுக்கிறார்கள் என்பதால் இதில் ரொம்ப ஆழம் போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வானிலையில் நிச்சயம் போவார்கள். அங்கேதான் நான் வருகிறேன்.

மாலே ரன்வே 18-36, வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மே மாதத்திலிருந்து காற்று மேற்கே இருந்து வரும். அதாவது வருஷத்தில் பாதி, காற்று விலாவில் குத்தும். என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணியில் போய்வந்தவர். அரிசியும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போய், மாசிக் கருவாடு ஏற்றி வருவார்கள். இந்தக் காற்றுக்குப் பயந்துதான் மே வந்தால் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஆச்சியோடு சண்டை போடுவார். உனக்குக் கட்டிப்போட முடியாது. பக்கக் காற்றுக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ரன்வேயிலிருந்து காற்று 30 பாகை விலகினால் அதன் வேகத்தில் பாதி, 45க்கு பத்தில் ஏழு, 60க்கு பத்தில் ஒன்பது. 240 பாகையிலிருந்து 20 நாட் காற்று, ரன்வே 18, அதாவது 180 பாகை என்றால் ஏறத்தாழ 17 நாட் பக்கத்திலிருந்து. எத்தனை மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கு, பதினைந்தாயிரம் அடிக்கு 45 மைல். தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வரும், 240க்கு 1,200. காய்கறி நறுக்கும்போது அப்பாவைப் போனில் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகு.

அடுத்தது ஐஸ். பூமத்திய ரேகையில் ஐஸா என்று நீ நினைத்தால் மாட்டிக்கொள்வாய். கீழே வியர்த்துக் கொட்டும், ஆனால் 16,000 அடி வாக்கில் வெப்பம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஏடிஆர் உச்சமே 25,000 அடி. அங்கே எழும் மேகங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ஜெட்காரர்கள் போல மேலேறித் தப்பிக்க முடியாது, சுற்றித்தான் போக வேண்டும், ஐஸ் பிடிக்கும் உயரத்தில்தான் உன் பொழுது கழியும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் ரோஸ்லான் பக்கம் ஒரு ஏடிஆர் 72 ஐஸ் பிடித்து விழுந்து 68 பேர் போனார்கள். இறக்கையில் ஐஸை உடைக்கும் ரப்பர் பூட்ஸைப் பின்னோக்கி அகலமாக்கியது அதற்கு அப்புறம்தான். இதைக் கேட்டாலும் கேட்பார்கள்.

ரேடார் பற்றிக் கேட்டால் ஒன்றை மறக்காதே. பலத்த மழை கதிரை விழுங்கிவிடும், அதற்குப் பின்னால் திரையில் கறுப்பாக இருக்கும். வழி திறந்திருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அங்கே இன்னும் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருக்கலாம். என் மூவாயிரம் மீட்டர் கதைதான் இதுவும், பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதிக்கொள்வது.

இதற்கு மேல் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். "கேப்டன் மூன்றாவது தடவையும் இறங்கிப் பார்க்கலாம் என்கிறார், எரிபொருள் குறைகிறது, நீ என்ன செய்வாய்?" இப்படி ஒரு கேள்வி கட்டாயம் வரும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று உன்னை வளர்த்தவள் நான். மாமா தப்பாகச் சொன்னபோது நீ திருத்தியதற்கு உன் தொடையில் கிள்ளியிருக்கிறேன். காக்பிட்டுக்குள் அதைக் கொண்டுபோகாதே. "சார், நம்மிடம் இவ்வளவு எரிபொருள்தான் இருக்கிறது, மாற்று இடத்துக்கு இவ்வளவு வேண்டும், இப்போது திரும்ப வேண்டும்" என்று எண்ணோடு சொல். கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை, குரலை உயர்த்தாமல் ஆனால் தெளிவாக. மரியாதை குறையாது.

2015 பிப்ரவரியில் தைபேயில் ஒரு ஏடிஆர் கிளம்பிய உடனே வலது எஞ்சின் சக்தி இழந்தது. அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை அணைத்துவிட்டார்கள். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் போக்கராவில் இறக்கைத் தட்டுகளை இறக்கும் ஃப்ளாப் நெம்புகோலுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்தவற்றை இழுத்ததில் இரண்டு ப்ரொப்பெல்லரும் ஃபெதர் ஆகி, அதாவது விமானத்தை இழுக்கும் சக்தியை இழந்து, 72 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நீ இனிமேல் பறக்கவே வேண்டாம் என்று நான் அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் அறிக்கையை வாங்கிப் படித்தேன். படித்த பிறகு பயம் போகவில்லை, ஆனால் எங்கே பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. கையை நெம்புகோலில் வைத்துவிட்டு, இழுப்பதற்கு முன் ஒரு நொடி அதைக் கண்ணால் பார். இன்டர்வியூவில் இந்த விபத்துகளைப் பற்றிக் கேட்டால் செத்துப்போன பைலட்டுகளைக் குறை சொல்லிப் பேசாதே. அந்த இருக்கையில் நான் இருந்தால் எங்கே தவறியிருப்பேன் என்று பேசு.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள். வெட்கப்படாமல் கேள். பாண்ட் எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், அவர்களே வேலையைவிட்டு எடுத்தால் அந்தத் தொகை என்ன ஆகும், சம்பளம் டாலரிலா, தங்குமிடம் யார் பொறுப்பு. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பது உனக்கு உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு கிடைத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே. வங்கிக்காரனை அப்பா பார்த்துக்கொள்வார்.

வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வை. பின்னால் கொடியில் துணி காயக் கூடாது.

ஞாயிறு பதினொன்றரை தாண்டினாலும் நான் கூப்பிடமாட்டேன், நீயாகக் கூப்பிடு. கூப்பிடாவிட்டாலும் கோபப்படமாட்டேன், அப்பாவைத்தான் படுத்துவேன்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: அடுத்த சுற்றுக்கு மாலே போக நேர்ந்தால், உன் கைப்பையில் இருக்கும் சின்னப் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு போகாதே. அங்கே சிலைகளைக் கொண்டுபோகத் தடை, சுங்கத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். அவரை இங்கே விட்டுவிட்டுப் போ, நான் விளக்கேற்றுகிறேன். வரும்போது கால் கிலோ மாசி வாங்கி வா. இங்கே கிடைப்பது கல்லாட்டம் இருக்கிறது.