செண்டேரோ அணைக்குக் கீழே நீர்மட்டத்துக்கு இரண்டு கோடு போடுங்கள்

மலேசியாவின் பேராக் ஆற்று அணைகளை இயக்கும் பொறியாளர்களுக்கும், வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும், வனவிலங்குத் துறைக்கும், மணல் பெர்மிட் கொடுக்கும் மாவட்ட நில அலுவலகங்களுக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

உலகிலேயே அழிவின் விளிம்பில் நிற்கும் ஆமைகளில் ஒன்று, துந்தோங் என்று நாம் அழைக்கும் ஆற்றாமை. பேராக் ஆற்றில் அது முட்டையிடும் காலம் தீபாவளிக்குப் பின் தொடங்கித் தைப்பூசத்தைத் தாண்டியும் நீளும். குஞ்சு வெளிவரச் சித்திரை ஆகிவிடும். இந்த மாதங்களில் டர்பைன்களை நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தண்ணீரை எந்த நேரத்தில், எந்த வேகத்தில் விடுகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள் என்கிறோம்.

பெண் ஆமை இரவில் மணல்திட்டு ஏறும்போது ஈரக்கோட்டைத் தாண்டி, காய்ந்த மணலைத் தேடித்தான் குழி தோண்டுகிறது. முட்டையிட்டு மூடியபின் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கும். அந்தத் ‘தும், தும்’ ஓசைதான் அதற்குப் பெயராயிற்று என்பார்கள். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் முட்டை மணலுக்குள் மூச்சுவிடுகிறது. மணல் துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜன் ஓட்டின் வழியே உள்ளே போகும். அந்த இடைவெளியில் தண்ணீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வளர்ந்த கருவுக்கு மூச்சு அதிகம் தேவை. அதனால் பொரிக்கும் தறுவாயில் வரும் வெள்ளமே மிகக் கொடியது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மழை திரும்பும்போது இதுதான் நடக்கிறது.

வெள்ளத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு முந்தைய தாழ்மட்டமும் அதே அளவு கெடுதல். ஞாயிற்றுக்கிழமைகளிலும், தொழிற்சாலைகள் மூடியிருக்கும் சீனப் புத்தாண்டு வாரத்திலும் மின்தேவை விழுகிறது. அணையிலிருந்து வரும் நீரும் குறைகிறது. ஆற்றோரத்தில் தாழ்வான மணல் வெளியே தெரிந்து, இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது. ஆமை அதை நம்பி அங்கே முட்டையிடுகிறது. விடுமுறை முடிந்து உற்பத்தி கூடியதும் அந்தக் குழி தண்ணீருக்குள் போய்விடுகிறது. ஆகவே மேல்வரம்பு மட்டும் போதாது. முட்டையிடும் வாரங்களில் நீர்மட்டம் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற கீழ்வரம்பும் வேண்டும். அப்போதுதான் ஆமை மேட்டுமணலுக்கு ஏறும்.

இதற்கு மின்சாரத்தில் என்ன விலை? ஒரு கனமீட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், 90 விழுக்காடு திறனில் ஏறக்குறைய கால் யூனிட் கிடைக்கும். காலையில் விட்டாலும் இரவில் விட்டாலும் அதே கால் யூனிட்தான். மாறுவது அந்த யூனிட்டின் மதிப்பு. ஆற்றில் மேலிருந்து கீழாக நான்கு அணைகள்: தெமெங்கோர் 348 மெகாவாட், பெர்சியா 72, கெனேரிங் 120. கடைசியில் நிற்கும் செண்டேரோ சுமார் 40 மட்டுமே. 1930இல் ஈயச் சுரங்கங்களுக்காக முடிக்கப்பட்ட பழைய அணை அது. மேலே உள்ள மூன்றும் உச்சநேரத் தேவைக்கேற்ப ஏறி இறங்கட்டும். அந்த அலையைச் செண்டேரோ நீர்த்தேக்கம் வாங்கிக்கொண்டு, கீழே சீராக விடட்டும். அப்படிச் செய்தால் உச்சநேர வருமானத்தை விட்டுக்கொடுப்பது நான்கில் மிகச் சிறியது மட்டும்தான். நான்கின் மொத்தத் திறனில் அது ஏழு விழுக்காடு.

செண்டேரோ சிறிய தேக்கம். ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். பருவமழை வெள்ளத்தைத் தாங்காது. அதை மறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. கோலகங்சாருக்கும் தெலுக் இந்தானுக்கும் ஆபத்தென்றால் மதகைத் திறந்துதான் ஆகவேண்டும். இன்னொன்று, வரம்பை அணைவாசலில் அளக்காதீர்கள். எங்கள் பிளஸ் ஆறு இந்த நான்கு அணைகளுக்கும் கட்டுப்படாமல் வந்து, செண்டேரோவுக்குக் கீழே பேராக் ஆற்றில் கலக்கிறது. லிந்தாங் பக்கம் ஒரு மாலை கொட்டும் மழையே கீழே மட்டத்தை உயர்த்திவிடும். முட்டையிடும் திட்டை ஒட்டி அளவுகோல் நட்டு, அதில் மேல்கோடும் கீழ்கோடும் வரையுங்கள். பிளஸ் ஆறு பெருகும்போது செண்டேரோ அதற்கேற்பக் குறைத்து விடட்டும்.

வெள்ளம் தவிர்க்கமுடியாது என்று தெரிந்தவுடன் போத்தா கானானில் உள்ள ஆமைக் காப்பகத்துக்குத் தகவல் போகவேண்டும். மதகு திறந்தபின் சொன்னால் பயனில்லை. முட்டையை மாற்றுகிறவர்கள் அதைத் தொடுமுன் மேற்புறத்தில் பென்சிலால் குறியிடவேண்டும். முதல் நாளுக்குப் பிறகு கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், புரட்டினால் செத்துவிடும். ஈரமணல் நிரப்பிய பெட்டியில், குறி மேலே இருக்க வைத்து, பழைய ஆழத்திலேயே புதைக்கவேண்டும். கூரை நிழலில் புதைத்தால் மணல் குளிர்ந்து ஆண்குஞ்சுகளே மிகும்; வெப்பமான மணலில்தான் பெண்குஞ்சு உருவாகிறது. பெண் இல்லாத ஆற்றுக்கு ஆயிரம் குஞ்சு விட்டும் என்ன பயன்?

நில அலுவலகங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலிருந்து வரவேண்டிய மணலை நான்கு அணைகளும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கீழே இருக்கும் திட்டுதான் கையிருப்பு. ஒருமுறை அள்ளினால் அது மீண்டும் எளிதில் சேராது. முட்டையிடும் திட்டுகளையும் அவற்றின் மேல்புறத்து ஆற்றுப்படுகையையும் பெர்மிட் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

மிஞ்சிய திட்டுகளில் லாலாங் புல் ஏறுகிறது. வேர் படர்ந்த மணலில் ஆமையால் தோண்டமுடியாது. முன்பெல்லாம் இயற்கை வெள்ளம் அந்தப் புல்லை அரித்துப்போகும். இப்போது அணைகள் அந்த வெள்ளத்தை அடக்கிவிட்டன. ஆகவே முட்டைக்காலம் தொடங்குமுன், அக்டோபரில், கரையோர மக்களுக்கும் தூண்டில் போடுவோருக்கும் முன்கூட்டிச் சொல்லி, படிப்படியாக ஏற்றி ஒருமுறை பெருநீர் விடுங்கள். டர்பைன் வழியே போகும் அளவுக்குள் விட்டால் அதிலும் மின்சாரம் கிடைக்கும்.

அதற்கு முன்பாக, செப்டம்பருக்குள், நீங்கள் நால்வரும் கோலகங்சாரில் ஒரே மேசையில் உட்காரவேண்டும். அணைக்காரர்கள் கடந்த முட்டைக்காலத்தில் செண்டேரோவிலிருந்து விட்ட நீரின் மணிவாரிக் கணக்கையும், நீர்ப்பாசனத் துறை அளவுகோல் பதிவையும், வனவிலங்குத் துறை குழிகளின் உயரத்தையும், நில அலுவலகங்கள் பெர்மிட் வரைபடத்தையும் கொண்டுவாருங்கள். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாலே அந்த இரண்டு கோடுகள் எங்கே விழவேண்டும் என்று தெரிந்துவிடும்.