வடிச்சல் வெட்டியவர்களுக்கு நன்றி, ஒருவரிடம் மன்னிப்பும்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து வயற்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வந்து சேருமா என்பது எங்களுக்கு ஒரு கவலை என்றால், வந்த தண்ணீர் போய்ச் சேருமா என்பது அதைவிடப் பெரிய கவலை. மேட்டு வயலில் பாய்ந்து மிஞ்சியதும் மாரி மழையும் எங்கள் பள்ளக்காணி வழியாகத்தான் தம்பலகாமக் குடாவுக்கு வடிய வேண்டும். அப்படி வடிய விடும் வாய்க்காலைத்தான் வடிச்சல் என்கிறோம், அது அடைபட்டால் விதைத்த முளைநெல் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிடும். போன பெரும்போகத்தில், அதாவது மாரிக்கால வேளாண்மையில், எனக்கு இரண்டு ஏக்கர் அப்படித்தான் போனது.

இந்த முறை மழைக்கு முன்னமே மூன்று நாளில் வெட்டி முடித்துவிட்டோம். 'முடித்துவிட்டோம்' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, பாதி வேலை மற்றவர்கள் செய்தது.

முதல் நன்றி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானை அண்ணருக்கு. வீட்டுக்குக் கிட்டவிருந்து தொடங்கலாம் என்று நாங்கள் நிற்க, கீழ்முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். வடிச்சலின் கீழ்வாயைத் திறக்காமல் மேலே வெட்டினால் வெட்டுகிற இடமெல்லாம் தண்ணீர் தேங்கி, அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறதென்றே தெரியாது. வெட்டிய சேற்றைக் கரை விளிம்பில் குவிக்கவும் விடவில்லை, முதல் மழைக்கே அது திரும்ப உள்ளே வந்துவிடும் என்று தள்ளிப் போடச் சொன்னார். கரைப்புல்லை வழிக்கப் போன என் மகனுக்கு நல்ல ஏச்சு. அந்த வேர்தானே கரையைப் பிடித்து வைத்திருக்கிறது!

பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக் கந்தளாயிலிருந்து வந்த சிங்களத் தம்பிக்கு, நாங்கள் 'மல்லி' என்று கூப்பிட்டவருக்கு, எங்கள் தமிழும் எங்களுக்கு அவருடைய சிங்களமும் அரைகுறை, ஆனால் கையைக் காட்டினால் போதும், ஒரு சாண் பிசகாமல் நிறுத்தினார். மதகுப் பக்கம் மட்டும் பெக்கோ இறங்காது. அங்கே பெடியன்கள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று குழாய்க்குள் கம்பு விட்டுக் குத்தக் குத்த யூரியாப் பைகள், ஒற்றைச் செருப்பு, வேரோடு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை), கடைசியாக ஒரு பாய். பாயை இழுத்ததும் குழாய் 'களக்' என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அதோடு ஒரு விராலும் வெளியே பாய்ந்தது. அன்று மத்தியானக் கறிக்கு அதுவும் சேர்ந்தது. சமைத்த அக்காமாருக்கும், ஒரு சதம் வாங்காமல் டீசல் தந்த கடைக்காரருக்கும் நன்றி. முள்ளிப்பொத்தானைப் பக்கத்து முஸ்லிம் அண்ணன்மார், எங்கள் நானாமார், இரண்டு நாள் தங்கள் முறைத் தண்ணீரை விட்டுத் தந்திராவிட்டால் இந்த வேலையே நடந்திராது.

இனி முக்கியமான விஷயம். கீழ் வயற்கார அண்ணன் வடிச்சலை மூடி வரம்பு கட்டிவிட்டார் என்று போன வருடம் நான் கூட்டத்தில் எழும்பி நின்று கத்தியதை எல்லோரும் கேட்டீர்கள். எங்கள் பெரியப்பா 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளம் உடைந்ததைக் கண்ட மனுஷன், இப்போது மண்வெட்டி பிடிக்க முடியாது, ஆனால் மூன்று நாளும் குடையோடு வரம்பில் இருந்தார். பழைய வடிச்சல் போன இடம் இதுதான் என்று அவர் தடியை ஊன்றியது என் காணிக்குள். தோண்டினால் பழைய மதகுக் கல் அங்கேதான் கிடக்கிறது. வடிச்சலுக்குள் வந்தது அப்பா காலத்தில் கட்டிய எங்கள் வரம்பு.

அந்த அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வரம்பை வெட்ட முதலில் மண்வெட்டி போட்டவரும் அவர்தான், என் பக்கத்து மண் சரியாமல் கம்பு அடித்துத் தந்தவரும் அவர்தான். அண்ணை, கூட்டத்தில் கத்தினேன், மன்னிப்பும் அதேபோல் எல்லோருக்கும் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

குளக்கோட்டன் கட்டிய குளம் என்று நாங்கள் பெருமை பேசுவதில் குறைச்சலில்லை, வடிச்சல் வெட்ட அவர் வரமாட்டாரே! தை பிறந்ததும் ஆற்றுவாழை திரும்ப வரும். அப்போதும் கூப்பிடுவேன், ஒளிக்க வேண்டாம்.

அப்புறம், எங்கள் வீட்டில் இரண்டு மண்வெட்டி விட்டுப் போயிருக்கிறீர்கள். ஒன்றின் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறது. உரியவர்கள் வந்து எடுங்கள், பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போகலாம்.